பொன்னுரங்கம் வைத்த பஸ் ஸ்டாப்

“யாரு வூட்டு கோடி?” என்று சேரன் கூவினான்.

தெருவுக்கே கேட்டது. பந்தலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டில், கையில் மடித்த வேட்டியோடு ஆனந்தகுமார் நின்றுகொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது மனிதர், வாத்தியார் கேள்வி கேட்டதும் எழுந்து நின்றுவிட்டுப் பதில் தெரியாமல் முழிக்கிற பிள்ளை மாதிரி முழித்தார்.

செத்தவருக்குப் புதுத்துணி போர்த்துவதற்கு ஒரு முறை உண்டு. உறவுக்காரர் துணியை நீட்டியதும், காரியம் பார்க்கிற சேரன் மாதிரி ஆள் அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்பான். கேட்டு, ஊருக்குத் தெரிகிற மாதிரி கூவிச் சொல்லிவிட்டுத்தான் உடம்பின் மேல் போடுவான். தம்பி வீட்டுக் கோடி கூவியாயிற்று. தங்கச்சி வீட்டுக் கோடி ஆயிற்று. அசோக் நகர் சம்பந்தி வீட்டுக் கோடியும் ஆயிற்று. இத்தனைக்கும் தம்பி பிள்ளைக்கு நிச்சயதார்த்தமே அடுத்த மாதம்தான். ஒவ்வொன்றுக்கும் மேளம் ஒரு தட்டு தட்டி ஓய்ந்தது. மிச்சம் இந்த வேட்டி.

“சொல்லு சார், யாரு வூடுன்னு கூவறது?” சேரன் மறுபடியும் கேட்டான். அவன் வம்புக்குக் கேட்கவில்லை, வழக்கத்துக்குக் கேட்டான்.

சந்திரிகா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

சந்திரிகா வாயை மூடி யாராவது பார்த்ததுண்டா என்று இந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவள். முன்னூறு பிள்ளைகளை மணி அடிக்காமல் வெறும் தொண்டையாலேயே சாப்பாட்டுக்குக் கூப்பிட்டவள். தண்ணீர் லாரிக்காரனிடமும் கரண்ட் ஆபீஸிலும் கவுன்சிலர் வாசலிலும் தோற்காத வாய். அது இன்றைக்குப் பார்த்துத் தோற்றது. செத்துக் கிடப்பது அவளுடைய பெரியண்ணன் பொன்னுரங்கம்.

“ஃப்ரெண்டுங்க மாலை போட்டா போதும்ப்பா,” என்றார் கணேசமூர்த்தி. பொன்னுரங்கத்துக்குத் தம்பி, சந்திரிகாவுக்குச் சின்னண்ணன்; நங்கநல்லூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். ஒரு கண் அண்ணன் மேலும், ஒரு கண் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சம்பந்தியின் மேலும் இருந்தது. “கோடி சொந்தக்காரங்க போடறது. அதுவும் இதுல மஞ்ச வேற வச்சிருக்குது. மஞ்ச வச்ச துணிய யாராவது போத்துவாங்களா?”

மஞ்சள் இருந்தது உண்மைதான். வேட்டியின் மூலையில் ஒரு கட்டைவிரல் அளவு. அந்தக் கட்டைவிரல் சந்திரிகாவுடையது. போன தீபாவளிக்கு வைத்தது.

ஆனந்தகுமார் வேட்டியை மார்போடு வைத்துத் திருத்தமாக மடித்து, துணிப்பைக்குள் வைத்தார். முப்பது வருஷம் தி.நகர் ஜவுளிக்கடையில் துணி மடித்த கை. மடித்துவிட்டு சந்திரிகாவைப் பார்த்து, “பரவால்லம்மா,” என்றார்.

அவள் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்காததற்கு வந்த அந்தப் பரவாயில்லையைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆனந்தகுமார் முப்பத்தெட்டு வருஷமாக அந்த வீட்டு மாடியில் குடியிருப்பவர். குடியிருப்பவர் என்பது ரேஷன் கார்டுக்காகச் சொல்வது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். பொன்னுரங்கம் மாநகரப் பேருந்தில் கண்டக்டர். இரண்டு பேருக்கும் ஒரே சீப்பு, ஒரே செய்தித்தாள், ஒரே மருந்து டப்பா. ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருத்தருக்குச் சோறு இறங்காது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஆனால் அந்தச் சோற்றைப் போட்டவளே சந்திரிகாதானே, அவளுக்குத் தெரியாதா?

தெரியும். புருஷன் போனபிறகு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்த வருஷமே தெரியும். ஆனாலும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், வந்த பதிலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று பயம். அதனால் கேட்காமலேயே சோறு போட்டாள், கேட்காமலேயே டீ போட்டாள். காலை ஆறு மணிக்கு ஒரு தரம், சாயங்காலம் நாலரைக்கு ஒரு தரம், மாடியைப் பார்த்து “டீ ஆறுது!” என்று கத்தினாள்.

இன்று காலையும் அப்படித்தான் கத்தினாள். பொன்னுரங்கம் இறங்கி வந்து பாதி டீ குடித்தார். “சக்கரையே இல்லியே, இதுக்கு வென்னி குடிக்கலாம்,” என்று குறை சொன்னார். நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்தவர் சாய்ந்தவர்தான். எழுபத்திரண்டு வயது. ஒரு நாள் படுக்கவில்லை, யாருக்கும் ஒரு வேளை பாரமில்லை.

“கல்யாண சாவுப்பா!” என்றான் மேளக்காரர்களில் ஒருத்தன், தோலைத் தீயில் காட்டிக்கொண்டே.

“கல்யாணமே பண்ணிக்காதவருக்கு இன்னாடா கல்யாண சாவு?” என்றான் இன்னொருத்தன்.

நாலு பேர் சிரித்தார்கள். மற்ற நாளாக இருந்தால் சந்திரிகாதான் முதலில் சிரித்திருப்பாள்.

இரண்டரை மணிக்குப் பத்துப் பன்னிரண்டு இளசுகள் பெரிய ரோஜா மாலையோடு வந்து இறங்கினார்கள். ஒரு பெண்ணுக்கு மொட்டைத் தலை. ஒரு பையனுக்கு மூக்குத்தி. எல்லார் கழுத்திலும் ஹெட்போன் தொங்கியது. முன்னால் வந்தவள் மதுமதி. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

“நீங்கள்லாம் யாரும்மா?” என்றார் கணேசமூர்த்தி.

“அங்கிளோட வாக்கிங் க்ரூப்,” என்றாள் மதுமதி.

அதைக் கேட்டு சந்திரிகா தலையாட்டினாள். அவளுக்குத் தெரிந்த சங்கதிதான். இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பொன்னுரங்கம் இவர்களோடு நடக்கப் போவார். சர்க்கரைக்கு நல்லது என்பார். மற்ற நாளில் சாயங்காலம் டீ முடித்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தெருமுனை பஸ் ஸ்டாப் வரைக்கும் போவார். அங்கே நின்று தனக்குத்தானே ஐந்து நிமிஷம் சிரிப்பார். திரும்பி வருவார். “இன்னாண்ணே, லூசு மாதிரி நின்னு இளிக்கிற?” என்று கேட்டால், “பாட்டு கேக்கறேன்டி,” என்பார்.

இந்த மதுமதி ஒரு தரம் மைக்கெல்லாம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்திருக்கிறாள். பழைய பஸ் கதை ரெக்கார்டிங் பண்ணவேண்டும் என்றாள். மாடி ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டினார்கள். சந்திரிகாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வாசலில் காவல் நின்று, “யோவ், ஆர்ன் அடிக்காதய்யா, உள்ள ரெக்கார்டிங் நடக்குது!” என்று ஆட்டோக்காரர்களை எல்லாம் விரட்டினாள்.

மதுமதி மாலையைப் போட்டுவிட்டு நேரே ஆனந்தகுமாரிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். துணிப்பையைப் பார்த்தாள். பிறகு சந்திரிகாவிடம் வந்தாள்.

“ஆன்ட்டி, அந்த வேட்டி...”

“தெரியும்மா,” என்று சொல்லிவிட்டு சந்திரிகா ஊதுபத்தி தேடுகிற சாக்கில் உள்ளே போனாள். ஊதுபத்தி அவள் கையிலேயே இருந்தது.

பூப்பல்லக்கு வந்து நின்றதும் கணேசமூர்த்திக்கு அடுத்த கவலை வந்தது. மேளம் நிற்கிற நேரத்தில் பக்திப் பாட்டு ஓட வேண்டும். இல்லாவிட்டால் சம்பந்தி இன்னா நினைப்பார்? வீட்டில் பொன்னுரங்கத்தின் குட்டி ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. ஆளுக்கு ஆள் தங்கள் போனைக் கொண்டுவந்து அதனோடு மல்லுக்கட்டினார்கள்.

“அது பெரியண்ணன் போன்லதான் ஒட்டும்,” என்று சந்திரிகா போனை எடுத்துக் கொடுத்தாள். அதற்குப் பூட்டு கிடையாது. என் போன்ல இன்னா ரகசியம் கீது பூட்டு போட என்பார் பொன்னுரங்கம். கணேசமூர்த்தி பாட்டைத் தேடிப் போட்டு, ஸ்பீக்கரைப் பல்லக்கின் முன்கம்பத்தில் மல்லிகைச் சரத்தாலேயே கட்டி, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ரொம்ப திருப்தியாக இருந்தார்.

தெருமுனையிலிருந்து நாலாவது வீடு அவர்களுடையது. அந்த நாலு வீட்டைத் தாண்ட அரை மணி நேரம் ஆயிற்று. அப்படி ஒரு மேளம். அப்படி ஒரு ஆட்டம். தெருப் பையன்கள் ஆடினார்கள், பொன்னுரங்கத்தோடு வேலை பார்த்த டிரைவர் ஒருத்தர் ஸ்டியரிங் ஓட்டுகிற மாதிரியே ஆடினார். அப்புறம் அந்த மொட்டைத் தலைப் பெண் இறங்கினாள் பாருங்கள், மேளக்காரர்கள் அவளைச் சுற்றி வந்து அடித்தார்கள். “யாருக்கா இது, செம்ம குத்து குத்துது!” என்றான் சேரன். மூக்குத்திப் பையன் செவ்வந்திப் பூவை அள்ளி மாடி உயரத்துக்கு எறிந்தான். எதிர்வீட்டு ஷகீலா வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே தாளம் போட்டாள்.

ஆனந்தகுமார் கூட்டத்துக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். துணிப்பை தோளில் தொங்கியது. சந்திரிகா பார்க்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. தெருமுனையோடு பெண்கள் நின்றுவிட வேண்டும். பல்லக்கை ஒரு தரம் நிறுத்துவார்கள், கடைசியாக முகம் பார்க்கலாம். அதோடு சரி. அந்த வேட்டி பையிலேயே மாடிக்குத் திரும்பிப் போகும். அது இரும்புப் பெட்டியில் கிடக்கும், தான் தினமும் அந்தாளுக்குச் சோறு போட வேண்டும், எந்த முகத்தோடு போடுவது?

தெருமுனை வந்தது. பஸ் ஸ்டாப் போர்டுக்குப் பக்கத்தில் பல்லக்கை நிறுத்தினார்கள். சேரன் கையைத் தூக்கியதும் மேளம் நின்றது. அந்த அமைதியில் பக்திப் பாட்டு கணீரென்று எழும்பியது. சம்பந்தி கும்பிட்டார். கணேசமூர்த்தியும் கும்பிட்டார்.

பாட்டு சட்டென்று அறுந்தது.

ஒரு விசில் சத்தம். நீளமாக, ஒரே ஒரு விசில்.

“ஹோல்டேன்! ஏறு ஏறு, உள்ள போ, உள்ள போ! நைனா, படியில தொங்காத, வூட்ல உன்ன நம்பி நாலு ஜீவன் கீது!”

பொன்னுரங்கம்தான். அதே குரல், முப்பது வருஷம் நெரிசலைத் துளைத்துப் போன குரல். முன்னால் நின்ற கிழவர் ஒருத்தர் பல்லக்கைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டுப் பின்னால் தாவினார். “ஐயோ, எழுந்துட்டான்டா!” என்று ஒரு சத்தம். எல்லாரும் பல்லக்குக்குள் எட்டிப் பார்த்தார்கள். பொன்னுரங்கம் நெற்றியில் காசோடு சாந்தமாகப் படுத்திருந்தார்.

“நாந்தான் பொன்னுரங்கம், ரிட்டையர்டு கண்டக்டரு. நீ இப்ப நிக்கிற எடம் இன்னா தெர்தா? பஸ் ஸ்டாப்பு. போர்டு கீதா? பாத்துக்கோ. எம்பத்தி நாலுல இங்க போர்டும் இல்ல, ஸ்டாப்பும் இல்ல. ஒரு லைட் கம்பம், அதாண்ட ஒரு பூவரச மரம், அவ்ளோதான்.”

கணேசமூர்த்தி போனை வெளியே எடுத்து அழுத்தினார். சத்தம் கூடியது. இன்னொன்றை அழுத்தினார். இன்னும் கூடியது.

“ஒரு நாளு செம்ம மழ. கொடை புட்சிகினு ஒருத்தரு ஓடியார்றாரு. கொடை அவரு தலைக்கு இல்ல, கைல கீற சோத்து டப்பாக்கு! தலை தொப்பலா நனைது, சோறு மட்டும் பத்திரமா வருது. எனக்கு சிர்ப்பு வந்துட்ச்சி. விசில ஒரு வாட்டி ஊதிட்டேன். ஒரு விசிலுன்னா நிக்கணும், ரெண்டுன்னா போவணும். டிரைவரு பிரேக்க போட்டுட்டு, ‘யோவ், இங்க இன்னாய்யா ஸ்டாப்பு கீது?’ன்றாரு. ‘கீதுப்பா, இன்னிலேர்ந்து கீது’ன்னேன்.”

ஆட்டம் போட்ட டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். “நாந்தான்பா அது! அந்த டிரைவரு நாந்தான்! சொல்லவே இல்லியே இந்தாளு!”

“மறுநாளு மழ இல்ல. அதே ஆளு, அதே டைமு, நின்னுகினு கீறாரு. ஊதிட்டேன். இப்டியே மூணு மாசம். இவுரு நிக்கறத பாத்து பின்னால ரெண்டு பேரு நின்னாங்க. அப்பால பத்து பேரு. பூக்காரம்மா ஒண்ணு கூடைய எடுத்தாந்து குந்திகிச்சி. ஒரு நாளு ஆபீஸ்லேர்ந்து ஆளு வந்து இன்னாமோ எழுதிகினு போச்சி. செத்தேன்டா, வேலை பூட்ச்சின்னு நெனச்சேன். அடுத்த மாசம் வந்து போர்டு நட்டுட்டாங்க!”

“அட, நம்ம ஸ்டாப்பா!” என்று யாரோ கூவினார்கள். கூட்டம் மொத்தமும் அண்ணாந்து போர்டைப் பார்த்தது. தினமும் பார்க்கிற போர்டுதான். அசோக் நகர் சம்பந்தி நாற்காலி மரியாதையெல்லாம் மறந்து, “யோவ், நான் லஸ்ல வேலை பாத்தப்போ இங்கதான்யா ஏறுவேன்! அஞ்சு வருஷம் ஏறியிருக்கேன்!” என்று பக்கத்து ஆளின் தோளைத் தட்டிச் சிரித்தார்.

“ஊர்ல அவனவன் புட்ச்ச ஆளுக்கு கோட்டை கட்டுவேன், கோபுரம் கட்டுவேன்ம்பான். நான் ஆனந்தகுமாருக்கு பஸ் ஸ்டாப்பு வச்சேன். நாப்பது வருசமா அவரும் நானும் ஒண்ணாக் கீறோம். புருசன் பொஞ்சாதி எப்டி கீறாங்களோ அப்டி. சண்ட உள்பட.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கணேசமூர்த்தியின் கட்டைவிரல் போனின் மேலேயே நின்றுவிட்டது. மதுமதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வூட்ல யாராண்டயும் சொன்னதில்ல. என் தங்கச்சி சந்திரிகா கீதே, அது உலகத்துல கீற எல்லாத்தையும் கேக்கும், இத மட்டும் கேக்காது. ஆனா வருசா வருசம் தீவாளிக்கி ரெண்டு வேட்டி எடுக்கும். ஒரே கரை. ரெண்டுத்துலயும் மஞ்ச வச்சி ஒரே தட்டுல வச்சி நீட்டும். ‘இந்தாங்க’ன்னும். என்ன மட்டும் பாத்து சொல்லாது, ரெண்டு பேரையும் பாத்து சொல்லும். ஊரு எங்களுக்கு பண்ணி வக்காத கல்யாணத்த அது வருசத்துக்கு ஒரு வாட்டி பண்ணி வச்சிது. அதுக்கே தெரியுமோ இன்னாமோ.”

சந்திரிகாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்தன. அடப் பாவி அண்ணா! கேட்காததை எல்லாம் இவன் கேட்டதாகவே கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறான். தெரியுமோ என்னமோவாமே! பின்னே தெரியாமலா ஒரே கரை பார்த்துப் பார்த்து எடுத்தாள்? கடைக்காரன் வேறு கரை காட்டினால் அவனோடு சண்டை பிடித்தாளே, எதற்காம்?

“சேரா!” என்றாள்.

முன்னூறு பிள்ளைகளைக் கூப்பிட்ட தொண்டை. கோயில் பக்கத்திலிருந்து புறாக்கள் எழும்பின.

“இன்னாக்கா?”

“கோடி ஒண்ணு மிச்சம் கீது.”

“பல்லக்குல ஏத்திட்டா அப்புறம் போடற வழக்கம் இல்லியேக்கா...”

“ஸ்டாப்பே இல்லாத எடத்துல பஸ்ஸ நிறுத்தனவன் உள்ள படுத்துகினு கீறான். நீ ஒரு துணி போடறதுக்கு ரூல்ஸு பேசறியா?”

கூட்டம் வழிவிட்டது. அவள் நேரே பின்னால் போய் ஆனந்தகுமாரின் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்து வந்தாள். 

“வேட்டிய எடுங்கண்ணே.”

அவர் எடுத்தார். சேரன் வாங்கிக்கொண்டான். வழக்கம் வழக்கம்தானே. “யாரு வூட்டு கோடின்னு கூவட்டும்?” என்றான், கொஞ்சம் மெதுவாக.

அண்ணி என்றால் அவர் அண்ணி இல்லை. மச்சான் என்றால் மச்சான் இல்லை. நண்பர் என்றால் அதற்கு மாலை போதும். இத்தனை வருஷமாகக் குமாரண்ணே என்று கூப்பிட்டவள், தனக்குத் தெரிந்த முறையை எல்லாம் ஒரு நொடியில் உருட்டிப் பார்த்தாள். எதுவும் தோதுப்படவில்லை. அப்புறம் அது தானாக வந்தது.

“எங்கண்ணன கட்னவரு கோடி,” என்றாள். “கூவு.”

சேரன் கணேசமூர்த்தியைப் பார்த்தான். கூட்டமும் பார்த்தது. கணேசமூர்த்தி சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தியோ இன்னும் அந்த பஸ் ஸ்டாப் போர்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கண் கலங்க, தாடையைத் தடவிக்கொண்டு. கணேசமூர்த்தி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குனிந்து, அண்ணன் மார்பின் மேல் கிடந்த தன்னுடைய மாலையை எடுத்துக் கால்பக்கமாகத் தள்ளி இடம் பண்ணினார்.

“பொன்னுரங்கத்த கட்னவரு கோடீ...!”

மேளம் தட்டியது. ஒரு தட்டு இல்லை. தட்ட ஆரம்பித்தவர்கள் நிறுத்தவே இல்லை. ஆனந்தகுமார் வேட்டியைக் கையில் வாங்கி, ஜவுளிக்கடையில் விரிக்கிற மாதிரி ஒரே உதறு உதறினார். துணி காற்றில் விரிந்து சுருக்கமில்லாமல் இறங்கியது. கரை கோணாமல் தோளோடு சேர்த்துவிட்டார். மஞ்சள் மூலையை மட்டும் இழுத்து நெஞ்சுக்கு நேரே வைத்தார். எழுபது எண்பது பேர் நடுவில் வெட்கம் இல்லாமல் அழுதார். ஸ்பீக்கரில் பொன்னுரங்கம் இன்னும் எதையோ பேசிக்கொண்டிருந்தார். மேளத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. மொட்டைத் தலைப் பெண் மறுபடியும் இறங்கிவிட்டாள்.

பல்லக்கு கிளம்பும்போது கணேசமூர்த்தி திரும்பிப் பார்த்தார். “பின்னாடி எதுக்கு வர்றீங்க? முன்னாடி வாங்க,” என்றார் ஆனந்தகுமாரிடம். இரண்டு கிழவர்களும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து போனார்கள். சந்திரிகா போர்டுக்குக் கீழே நின்று, பூ வாசனை போகிற வரைக்கும் பார்த்தாள்.

வீடு கழுவி, தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. மதுமதி போகாமல் கூடவே இருந்து வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. எதிர்வீட்டிலிருந்து ஷகீலா ஒரு தூக்கு நிறைய டீ கொண்டுவந்து வைத்தாள். பொன்னுரங்கம் குறை சொல்ல முடியாத அளவுக்கு அதில் சர்க்கரை இருந்தது.

“இன்னாம்மா அது, திடீர்னு பேசிச்சி?” என்றாள் சந்திரிகா.

“போன்ல இருக்கிற ஆப் ஆன்ட்டி. நாங்க கூட்டிட்டுப் போற நடை அது. காதுல மாட்டிக்கிட்டு கோயில் குளத்துலேர்ந்து சாந்தோம் பீச் வரைக்கும் நடப்போம். ஒரு எடத்துக்கிட்ட போய் நின்னா, அந்த எடத்தோட கதை தானா ஓடும். எங்கள மாதிரி ஆளுங்க இந்த ஊர்ல எங்கெங்க இருந்தாங்க, எப்டி சிரிச்சாங்கன்னு, அவங்கவங்க குரல்லயே. குளத்து மேற்கு மூலைல ஒரு திருநங்கை அம்மா பேசுவாங்க. சாந்தோம்ல ரெண்டு டீச்சருங்க, இருபது வருஷம் ஒரே ரூம்ல இருந்தவங்க. ஆனா அங்கிள் ஸ்டாப் வந்தாதான் எல்லாரும் சிரிப்பாங்க. தன் குரல தானே கேக்கறதுக்கு அவரு தினமும் வருவாராமே?”

“அதான் அந்த இளிப்பா!” என்றாள் சந்திரிகா. “பாட்டு கேக்கறேன்னு ரீல் வுட்டான் எங்கிட்ட.”

“கடைசில நீங்களும் இருக்கீங்க ஆன்ட்டி.”

“நானா? நான் இன்னாத்த பேசனேன்?”

“அன்னிக்கு ரெக்கார்டிங் முடியற நேரத்துல கீழேர்ந்து கத்தினீங்க. ‘ரெண்டு பேரும் வாங்க, டீ ஆறுது!’ன்னு. போர்வையெல்லாம் தாண்டி வந்துடுச்சு. வெட்டிடலாம்னேன். அங்கிள் விடல. அத வெட்டினா மொத்தத்தையும் வெட்டு, அதான்மா கதையே அப்டின்னாரு. ரெண்டு வருஷத்துல நாலாயிரம் பேரு கேட்டிருக்காங்க, நீங்க டீக்குக் கூப்பிடறத.”

“ஐயய்யோ, நாலாயிரம் பேரா! அன்னிக்கி தலைகூட வாரலியேடி நானு!”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மதுமதி சிரித்தாள். சாவு வீட்டில் இப்படிச் சிரிப்பார்களா என்று பார்க்க வந்த ஷகீலாவும் கதையைக் கேட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தாள்.

ஆறு மணிக்கு ஆண்கள் திரும்பினார்கள். ஈரத் தலையோடு ஒவ்வொருத்தராகத் தெருவுக்குள் வந்தார்கள். ஆனந்தகுமார் கடைசியாக வந்தார். பொன்னுரங்கத்தின் போன் இப்போது அவர் கையில் இருந்தது. கணேசமூர்த்தி கொடுத்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது அந்தப் போனிலிருந்து ஒரு விசில் கேட்டது. நீளமாக, ஒரே ஒரு விசில்.

அவர் நின்றார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தார்.

சந்திரிகா தூக்கிலிருந்து ஒரு டம்ளரில் டீயை ஊற்றி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நாலு வீடு தள்ளி அவர் முதுகு தெரிந்தது. குனிந்து, போனைக் காதோடு வைத்திருந்தார். தோள் குலுங்கியது, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பின்னாலிருந்து சொல்ல முடியவில்லை. ஒரு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, ஏறுகிறாரா என்று தலையால் கேட்டான். அவர் இல்லை என்று கையை ஆட்டினார். இரண்டு விசில். பஸ் போயிற்று.

டம்ளரில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. சந்திரிகா பழக்கத்தில் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். கதை இன்னும் முடியவில்லை, முடிகிற இடத்தில் போனுக்குள்ளிருந்து அவளே கூப்பிடுவாள்.

அவள் உள்ளே போய் ஒரு சின்னத் தட்டை எடுத்துவந்து டம்ளரை மூடிவைத்தாள்.